2 கிலோ ஃப்ரோசன் கோழிப் பை: காசு கொடுப்பது கறிக்கா, தண்ணிக்கா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் எந்த சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனாலும் இந்தப் பை இருக்கும். குடும்பத்துக்குக் கட்டுப்படியாகிற கறி என்பதால்தான் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பையின் பின்பக்கத்தில் 'பிரைன்' என்று பொடி எழுத்தில் இருக்கும். ஊசி வழியாக ஏற்றிய உப்புத்தண்ணி அது. 2016 அக்டோபரில் வந்த விதிப்படி துண்டுகளில் 15 சதவீதம் வரை ஏற்றலாம். அப்படியானால் 2 கிலோவில் கால் கிலோவுக்கு மேல் தண்ணியாகவே இருக்க இடமுண்டு. உறைவிட்டு வடித்தாலும் முழுவதும் போகாது. பாஸ்பேட் சேர்த்திருந்தால் அது தண்ணியைச் சதைக்குள் பிடித்துவைக்கும். மிச்சம் சட்டியில்தான் இறங்கும்.

கறி கெடுவதும் அங்கேதான். தண்ணி வற்றுமுன் மசாலாவைப் போட்டால் அது வதங்காமல் வேகும், பச்சை வாசனை போகாது. முதல் நாளே ஃப்ரிட்ஜில் வைத்து உறைவிடுங்கள். வடித்து, பெரிய தீயில் எண்ணெயில் பிரட்டி, தண்ணி சுண்டி எண்ணெய் தெளிந்த பிறகே மசாலா. உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள். எலும்போரம் கறுத்திருந்தால் பயம் வேண்டாம், இளங்கோழியை உறையவைத்தால் மஜ்ஜை கசிந்து அப்படி ஆகும். பைக்குள் ஐஸ் கட்டியாகத் திரண்டிருந்தால் மட்டும் வாங்காதீர்கள். உருகி மறுபடி உறைந்ததாக இருக்கலாம்.

இறக்குமதிப் பையில் ஏன் காலும் தொடையுமாகவே இருக்கிறது? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நெஞ்சுக்கறிக்குத்தான் விலை. வளர்த்த செலவை அதிலேயே எடுத்துவிட்டு, மிஞ்சும் காலை இங்கே தள்ளுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தோடு போட்ட வர்த்தக ஒப்பந்தம் அதற்கு வரியில்லாமல் கதவைத் திறந்தது. அமெரிக்காவோ, ஆப்பிரிக்கப் பொருள்களை வரியில்லாமல் உள்ளே விடும் தன்னுடைய ஆகோவா (AGOA) சலுகையைப் பறிப்போம் என்று மிரட்டி, வருஷம் 65,000 டன் எலும்புள்ள கோழியை, அடிமாட்டு விலைக்குக் கொட்டும் சரக்கின் மேல் போடும் குவிப்புத் தடுப்பு வரியில்லாமல் இறக்க வழி செய்துகொண்டது. 2017 தொடக்கத்தில் டர்பனுக்குப் பக்கத்து ஹமார்ஸ்டேல் கோழி ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலை போனது. தீவன விலையும் ஒரு காரணம்தான், ஆனால் இந்த மலிவுக் காலோடு யார் போட்டி போட முடியும்? 2020 மார்ச்சில் எலும்புள்ள துண்டுக்கு இறக்குமதி வரியை 62 சதவீதமாக ஏற்றியபோதும் ஒப்பந்தத்தால் ஐரோப்பாவுக்கு அது பொருந்தவில்லை.

உள்ளூர்ப் பெரிய கம்பெனிகளும் இதே உப்புத்தண்ணியைத்தான் ஏற்றுகின்றன. வரி கூடியதால் பையில் கறி கூடவில்லை. இது அநியாயம்.

அதனால் 15 சதவீதம் பிரைன் என்று போட்ட 2 கிலோ பையின் விலையை 1.7-ஆல் வகுத்துப் பாருங்கள். அதுதான் கறியின் உண்மையான கிலோ விலை. அதைப் பக்கத்தில் உயிர்க்கோழி விற்பவரின் விலையோடு ஒப்பிடும்போது, கழிவு போக மிஞ்சும் எடையைக் கணக்கில் எடுங்கள்.