செலரியும் ரெடிஸும் வச்சு மூண்டு வருசம் கியூ ஓட்டின அனுபவம்

திருகோணமலையில வீட்டு முன் அறையில ஒரு பழைய டெஸ்க்டொப்பில மூண்டு வருசமா இந்த கியூ, அதாவது வேலைகள வரிசையில போட்டு ஒண்டொண்டா செய்யிற ஏற்பாடு, ஓடுது. பழைய தமிழ் வெப் பக்கங்கள எடுத்து, பாமினி எண்ட பழைய ஃபொன்ட் முறையில கிடக்கிறத இப்ப பாவிக்கிற யூனிகோடுக்கு மாத்தி, தேடக்கூடின மாதிரி வைக்கிறதுதான் வேல. ப்ரோக்ராம் எழுதினது பைத்தனில, வேலய பிரிச்சுக் குடுத்துச் செய்விக்கிறது செலரி, நடுவில வரிசைய வச்சிருக்கிறது ரெடிஸ், என்ன நடக்குது எண்டு பாக்கிறதுக்கு ஃப்ளவர். எல்லாம் இலவசம், கரண்ட் பில்ல தவிர.

முதல் வருசம் கியூவில எத்தின கிடக்கு எண்ட நம்பர மட்டுந்தான் பாத்தன். சைபர் எண்டா நிம்மதியா படுத்திடுவன். ஒருநாள் விடிய எழும்பிப் பாத்தா சைபர்தான், வேர்க்கரும் (வரிசையில இருந்து வேலய எடுத்துச் செய்யிற செலரி ப்ரோக்ராம்) ஒன்லைன் எண்டு காட்டுது, ஆனா கொஞ்ச நேரமா ஒரு பக்கம் கூட சேவ் ஆகேல்ல. அரை நாள் மண்டைய உடைச்சுத்தான் பிடிச்சன்: வெப் பக்கம் எடுக்கிற பைத்தன்ட ரிக்குவெஸ்ட்ஸ் லைப்ரரிக்கு நாங்களா டைம்அவுட், அதாவது எவ்வளவு நேரம் பொறுக்கிறது எண்ட எல்லை, குடுக்காட்டி அது பாட்டுக்கு காத்துக்கொண்டே நிக்கும், ஒரு சைட் கனெக்‌ஷன எடுத்துப்போட்டு பதில் அனுப்பாம விட்டிட்டுது, வேர்க்கருக்குள்ள ஒரே நேரத்தில ஓடுற என்ட நாலு ப்ராசஸும் அந்த சைட்டிலயே மாட்டிட்டுது, மிச்சமிருந்த பத்துப் பன்னெண்டையும் வேர்க்கர் முன்னமே அள்ளி தன்ர கையில வச்சிருக்கு. டிஃபோல்ட்டா ஒரு ப்ராசஸுக்கு 4 எண்ட கணக்கில அள்ளும். அதான் கியூ சைபர்.

பாலம் வர முந்தி கிண்ணியாவுக்கு பாதையில (வாகனம் ஏத்திக்கொண்டு தண்ணிய கடக்கிற மிதவை) போன ஆக்களுக்கு சொல்லாமலே விளங்கும், ஏறுற இடத்தில ஒரு லொறி நிண்டிட்டா பின்னால சைக்கிளும் போகேலாது. இப்ப மெதுவான சைட்டுகளுக்கு தனி கியூ, டைம்அவுட் 30 செக்கன், ஒரு ப்ராசஸுக்கு முன்னமே அள்ளுறது 1. நம்பரும் மாறிட்டுது, எத்தின கிடக்கு எண்டத விட்டிட்டு, ஆகப் பழசு எவ்வளவு நேரமா முடியாம கிடக்கு எண்டதத்தான் பாக்கிறன். ஃப்ளவரில அத பாக்க வசதியில்ல, அதால வேல போட்ட நேரத்த போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில எழுதி வச்சு, 20 நிமிசம் தாண்டினா டெலிகிராமில மெசேஜ் வாற மாதிரி சின்ன ஸ்கிரிப்ட் ஒண்டு செய்தன்.

வெக்கமான கதை ஒண்டும் இருக்கு. ஒரு சைட் 429 அனுப்பிச்சு, அதாவது கூடக் கேக்கிறாய், கொஞ்சம் பொறு எண்டு. நானும் மரியாதையா 6 மணித்தியாலம் கழிச்சு திரும்பப் போ எண்டு போட்டன். ரெடிஸ் வச்சா செலரி டிஃபோல்ட்டா ஒரு மணித்தியாலம் மட்டுந்தான் பொறுக்கும், அதுக்குள்ள வேர்க்கரிட்ட இருந்து உறுதிப் பதில் வராட்டி அதே வேலய திரும்பவும் குடுக்கும். டொக்கியுமென்டேஷனில தெளிவா எழுதியிருக்கு, நான்தான் வாசிக்கேல்ல. நேரம் வந்ததும் ஒரே பக்கத்த திருப்பித் திருப்பி கேட்டிருக்கிறன், அதுவும் பொறு எண்டு சொன்ன ஆளிட்டயே! இப்ப பிந்திப் போற வேலயெல்லாம் டேட்டாபேஸ் டேபிளில இருக்கும், நேரம் வந்தாத்தான் கியூவுக்குள்ள போகும்.

2025 பெப்ரவரி 9 நாடு முழுக்க கரண்ட் போனண்டைக்கு இதுவும் பட்டெண்டு நிண்டுது. ரெடிஸில ஏஓஎஃப் (ஒவ்வொரு மாற்றத்தையும் டிஸ்கில எழுதி வைக்கிற ஒப்ஷன்) போட்டிருந்ததால திரும்ப ஒன் பண்ண விட்ட இடத்திலயே தொடங்கிச்சு, சில பக்கம் ரெண்டு தரம் ஓடினாலும் முகவரிய வச்சு சேவ் பண்றதால ஒரு கொப்பிதான். ஃப்ளவர்ட பழைய ஹிஸ்டரி மட்டும் துடைச்சுப் போச்சு, அத டிஸ்கில வைக்க தனியா ஒப்ஷன் போடோணும்.

இன்னும் சரிவராதது பாமினியும் யூனிகோடும் ஒரே பக்கத்தில கலந்து கிடக்கிறதுகள். அதுகள தனியா ஒதுக்கி வச்சு ஞாயித்துக்கிழமையில கையால பாக்கிறன், இண்டைக்கு 11 கிடக்கு.