மார்க்கோ போலோ பயணச் சுவர்ப்படம்: வாங்கலாம், ஆனால் அப்படியே மாட்டாதேங்கோ

வவுனியா, கிளிநொச்சிப் புத்தகக் கடைகளில் சுருட்டி வைத்து விற்கிற மார்க்கோ போலோ பயண வழிப் படம் பாடசாலை வரலாற்று அறைக்கு வாங்கத் தக்கதுதான். 100 × 70 சென்ரிமீற்றர், மினுக்கமில்லாத லமினேற். கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும் ஊர்ப் பெயர்கள் தெரியும். ஆனால் நமக்கு ஆக வேண்டிய பகுதியில்தான் கை வைக்க வேண்டிக் கிடக்கு.

முதலில் நல்லதைச் சொல்லலாம். சிவப்புக் கோட்டில் போகிற தரைவழி கவனமாக வரையப்பட்டிருக்கு. 1271 இல், 17 வயதில், தகப்பன் நிக்கோலோவோடும் தகப்பனின் சகோதரன் மஃபேயோவோடும் வெனிஸிலிருந்து புறப்பட்ட மார்க்கோ பாரசீகத்து ஹோர்மூஸ் துறைமுகம் வரை இறங்கி, கப்பல் ஏறாமல் திரும்பவும் கெர்மானுக்கு ஏறுகிறார். மலிவான படங்கள் இந்த வளைவை விழுங்கிவிடும். இதில் வளைவும் இருக்கு, காரணமும் இருக்கு: அங்கத்தைக் கப்பல்களுக்கு இரும்பாணி கிடையாது, தும்புக் கயிற்றால் தைத்த பலகை, ஒரு பாய், ஒரு சுக்கான், மேல்தட்டு இல்லை. சரக்கைத் தோலால் மூடி அதன்மேல் குதிரைகளை ஏற்றுவார்கள். பிறகு பல்க், பாமீர், கஷ்கர், கோத்தான் வழியாக 1275 அளவில் மொங்கோலியப் பேரரசன் குப்ளாய் கானின் கோடைத் தலைநகர் ஷாங்டு. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

திரும்பி வருகிற பச்சைக் கோட்டுக் கடல்வழிதான் சறுக்கல். 1292 அளவில் சைத்தூனிலிருந்து, இன்றைய குவான்சோவிலிருந்து, புறப்பட்டவை நாலு பாய்மரமுள்ள 14 கப்பல்கள். படத்தில் பாய்மரம் நாலு என்பது கப்பல் நாலு என்று மாறிப் போச்சு. சுமாத்திராவில் காற்றுக்காக ஐந்து மாதம் நின்றதும் விடுபட்டிருக்கு. அதைக் குறிக்காமல் பிள்ளைகளைப் பயண வேகம் கணக்கிட விட்டால் விடை தாறுமாறாக வரும்.

பெரிய பிழை முத்து. சிப்பிப் படத்தைத் திருகோணமலைப் பக்கம் போட்டிருக்கிறார்கள்! மார்க்கோ சொல்கிற முத்துக்குளிப்பு இலங்கைக்கும் பாண்டி நாட்டுக்கும் இடையிலுள்ள குடாவில். நம்மட பக்கத்தில் அது மன்னாரில் அரிப்பு, சிலாவத்துறைக்கு எதிரே கடலடியில் முத்துச்சிப்பி விளைகிற பார்கள். அவர் கணக்கும் துல்லியம்: சித்திரைக்குக் கிட்ட தொடங்கி மே நடுப்பகுதி வரை, அரசனுக்குப் பத்தில் ஒன்று, சுறாக்களை மந்திரத்தால் கட்டுகிறவருக்கு இருபதில் ஒன்று. மந்திரம் பகலுக்கு மட்டும். இரவில் ஒருவரும் களவாகக் குளிக்காமல் இருக்க மந்திரக்கட்டினை அவிழ்த்துவிடுவாராம். இப்படிச் சுறா கட்டுகிற கடற்கட்டிகளைப் பற்றிக் கேள்விப்பட்ட மன்னார்ப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் வேறில்லை. படத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை, மார்க்கோதான் சீனாவிலிருந்து நூடில்ஸை இத்தாலிக்குக் கொண்டுவந்தார் என்ற கட்டுக்கதைக்கு மட்டும் ஒரு மூலையே ஒதுக்கியிருக்கிறார்கள்.

படத்தில் இலங்கையைப் பற்றிய குறிப்புப் பெட்டியில் “சுற்றளவு 2400 மைல்” என்று உண்மை போல அச்சடித்திருக்கு. அது மார்க்கோ சொன்னது. முன்பு 3600 மைல் இருந்ததாகவும், வடகாற்றில் ஒரு பகுதி கடலில் தாழ்ந்ததாகவும் அவரே எழுதுவித்தார். தீவின் உண்மையான நீளம் ஏறக்குறைய 435 கிலோமீற்றர், அகலம் 225. எண்ணுக்கு முன்னால் “மார்க்கோ கணக்கில்” என்று எழுதிவிட்டால் போதும்.

திருத்துகிற முறை: ஸ்ரிக்கர் ஒட்டாதேங்கோ. படத்தில் பாண்டி நாட்டுத் துறைமுகமான காயலுக்கும் சிலாவத்துறைக்கும் இடையில் ஒன்றரைச் சென்ரிமீற்றர்தான். ஸ்ரிக்கர் வளைகுடாவையே மூடிவிடும். மெல்லிய முனைப் பேர்மனன்ற் மார்க்கரால் புள்ளி வையுங்கோ. பிழைத்தால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாம். மன்னார் வளைகுடாவைத் தனியாக ஏ4 தாளில் வரைந்து, இந்து சமுத்திரத்து வெறும் இடத்தில் ஒட்டுங்கோ.

தூரம் அளக்கும்போது இன்னொரு சிக்கல். கீழேயுள்ள அளவுகோல் பூமத்திய கோட்டுக்கு மட்டும்தான் சரி. இது மேர்க்கேட்டர் படம், வடக்கே போகப் போக இழுபடும். நூல் வைத்து அளந்தால் வெனிஸ் பக்கம் வருகிற தூரத்தை 1.4 ஆலும், பெய்ஜிங் பக்கம் 1.3 ஆலும் வகுக்க வேணும். இலங்கைப் பக்கம் அப்படியே எடுக்கலாம்.

மாட்டுகிறபோது: மேலே இரண்டு துளைதான் இருக்கு. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் திறந்த வகுப்பறையில் படம் படபடத்து மூலை கிழியும். மேலும் கீழும் மரச்சட்டம் அடித்து, மேலே நாலு இடத்தில் கட்டுங்கோ. லமினேற் விளிம்பு ஒட்டு மெல்லிசு. மாரியில் ஈரம் ஏறி உள்ளே தாள் கறுக்கும். சுற்றிவர இரண்டு அங்குலச் செலோரேப் மடித்து ஒட்டினால் தாங்கும். பூச்சு இல்லாத சீமெந்துச் சுவரில் நேரே ஒட்டவே கூடாது, கறையானும் வரும்.

கடையில் காசு கொடுக்க முன் விரித்துப் பாருங்கோ. சில பிரதிகளில் நிறம் விலகி, பச்சைக் கோடு ஹோர்மூஸில் சிவப்பைத் தொடாமல் தரையில் நிற்குது. அப்படி இருந்தால் வேறு பிரதி கேட்டு வாங்குங்கோ.