டேங்க் மூடியின் காற்றுவழிக்கு வெறும் குழாயா, ஒருவழி வால்வா?

வத்தல்மலை ஏற்றத்தில் வண்டி இருமி நின்றது. டேங்க் மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. அப்புறம் இரண்டே உதையில் ஸ்டார்ட் ஆனது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்கு மூடியில் உள்ள காற்றுவழியாகக் காற்று வர வேண்டும். வழி அடைத்தால் டேங்கில் வெற்றிடம். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் இறங்காது.

என் மூடியில் இருந்தது காற்றை உள்ளே மட்டும் விடும் ஒருவழி வால்வு. வண்டி விழுந்தாலும் பெட்ரோல் ஒழுகாது, நல்லதுதான். ஆனால் தூசி புகுந்தால் வால்வுக்குள் வழியைத் திறந்து மூடும் சிறு குண்டு ஒட்டிக்கொள்ளும். திசை மாற்றி மாட்டினாலோ, கதை முடிந்தது. கழற்றித் துடைத்து ஊதிப் பாருங்கள்: டேங்க் பக்கமாக மட்டும் காற்று போக வேண்டும்.

வெறும் ரப்பர் குழாயில் இந்தத் தொல்லை இல்லை, சாய்ந்தால் சொட்டும். மலைப்பாதைக்கு என் ஓட்டு அதற்கே. மடங்காமல் இழுத்து, நுனியை ஹேண்டில்பார் நடுத்தண்டின் துளையில் செருகிவிட்டேன். சேறு ஏறுவதில்லை.