தலை நோன்புக்கு வாங்கிய வரலட்சுமி பூஜைப் பெட்டி

வரலட்சுமி நோன்புக்கு வேண்டிய பொருள்களை ஒரே பெட்டியில் அடுக்கி வீட்டு வாசலுக்கே அனுப்பிவைக்கும் வணிகம் கடந்த சில ஆண்டுகளில் நன்றாகப் பெருகியிருக்கிறது. ஆடி பிறப்பதற்கு முன்பே விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. 2025ஆம் ஆண்டு நோன்பு ஆடி 23, ஆகஸ்ட் 8 அன்று வந்தது. என் மகளுக்கு அது தலை நோன்பு. திருமணமாகிக் கோயம்புத்தூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் அவளுக்காகச் சென்னையிலுள்ள ஒரு பூஜைப் பொருள் விற்பனை நிறுவனத்திடம் 2,350 ரூபாய்க்கு இந்தப் பெட்டியை வாங்கினேன். கலசச் சொம்பு, கலசத் தேங்காயில் கட்டும் அம்மன் முகம், தைத்த பட்டுப் பாவாடை, காதோலை கருகமணி, ஒன்பது நோன்புச் சரடுகள், மஞ்சள் குங்குமம் முதலான பூஜைச் சாமான்கள், பூஜை முறைப் புத்தகம், கொழுக்கட்டை மாவு, தாம்பூலப் பைகள் ஆகியவை அதில் இருந்தன. நோன்பு முடிந்து எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

இந்த நோன்பில் வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் வியாழக்கிழமை மாலையே கலசத்தை அலங்கரித்து, வாசற்படியருகே வைத்து ஆரத்தி காட்டி, இரண்டு சுமங்கலிகள் பாடிக்கொண்டே அம்மனை மண்டபத்துக்கு எடுத்து வருவோம். அன்று இரவு வெண்பொங்கல் நைவேத்தியம். கலசத்தில் பச்சரிசிதான் நிரப்புவோம். மகளின் புகுந்த வீட்டிலோ வெள்ளிக்கிழமை காலையில்தான் அம்மனை அழைப்பார்கள். “எங்களுக்குக் கலசத்துல தண்ணிதாம்மா வழக்கம், அதுல ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் போடுவோம்” என்று சம்பந்தி அம்மாள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். வேறு சில வீடுகளில் முகமே வைப்பதில்லை. தேங்காய்க்கு மஞ்சள் பூசி, கண்ணும் மூக்கும் எழுதிவிடுவார்கள். ஆகவே ஒரு நோன்புப் பெட்டி எத்தனை பொருள்களைத் தருகிறது என்பதைவிட, வாங்குகிறவர்களின் வீட்டு வழக்கத்துக்கு அது இடம் கொடுக்கிறதா என்பதைத்தான் நான் முக்கியமாகப் பார்த்தேன்.

அந்த வகையில் முதல் சோதனை கலசத்திலேயே வந்தது. சொம்பு நல்ல கனமான பித்தளை. அடிப்பாகம் அகலமாக இருப்பதால் ஆடாமல் நிற்கிறது. ஆனால் அதன் வாய் சற்றே அகலம். நடுத்தர அளவுள்ள தேங்காயை மாவிலைக் கொத்தின் நடுவே வைத்தால் பாதிக்கும் மேல் உள்ளே இறங்கிவிடுகிறது. முகத்தைக் கட்டியவுடன் அம்மனின் முகவாய் சொம்பின் விளிம்பில் இடித்து, முகம் அண்ணாந்து பார்க்கிற நிலைக்கு வந்துவிட்டது. அரிசி நிரப்புகிறவர்களுக்கு இது சிக்கலே இல்லை. விளிம்பு வரை அரிசியைக் கொட்டினால் தேங்காய் அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் வைக்கிறவர்களுக்கு அப்படியொரு தாங்கல் கிடையாது. பெரிய தேங்காயாகத் தேடி வாங்கி, மாவிலைகளை இரண்டடுக்காக வைத்த பிறகுதான் முகம் நேராக நின்றது. பெட்டியைத் திட்டமிட்டவர்கள் அரிசிக் கலசத்தை மட்டும் மனத்தில் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. சொம்பின் வாய் அளவையும் அதற்குப் பொருந்தும் தேங்காயின் பருமனையும் விற்பனைப் பக்கத்தில் குறிப்பிட்டிருந்தால், நோன்புக்கு முதல் நாள் கடைக்கு ஓட வேண்டியிருந்திருக்காது.

முகத்தைப் பற்றி எனக்கு நிறைவுதான். அது ஜெர்மன் சில்வர் என்று பெட்டியின் மேலேயே தெளிவாக அச்சிட்டிருக்கிறார்கள். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த அந்த உலோகத்தில் வெள்ளி கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. ‘வெள்ளி முகம்’ என்று சொல்லியே அதை விற்கிறவர்களும் இருப்பதால், இந்த நேர்மையைப் பாராட்டியே ஆக வேண்டும். கண்கள் அகலத் திறந்து, உதட்டில் மிக மெல்லிய சிரிப்புடன் முகம் களையாக இருக்கிறது. இருபுறமும் மூக்குத்திக்குக் கல் பதித்திருக்கிறார்கள். காதோரம் இருக்கும் துளைகள் மஞ்சள் நூல் தாராளமாக நுழையும் அளவுக்குப் பெரியவை, விளிம்புகளும் நன்றாக மழுக்கப்பட்டிருக்கின்றன. மலிவான முகங்களில் இந்தத் துளைகள் கூர்மையாக இருந்து நூலை அறுத்துவிடும், சில சமயம் விரலையும் கிழித்துவிடும். முகத்தைத் தனியாக வாங்க விரும்புகிறவர்கள் மயிலாப்பூர் மாட வீதி போன்ற இடங்களுக்கு நேரில் சென்று, பத்து முகங்களைப் பார்த்து மனத்துக்குப் பிடித்ததை எடுப்பதே நல்லது. பெட்டியில் வருகிற முகத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. இந்த முறை நல்லதாக வாய்த்தது.

பட்டுப் பாவாடை உண்மையில் பட்டு அன்று. சரிகைக்கரை போட்ட செயற்கை இழை. கொசுவம் தைத்து, பின்னால் நாடா கட்டும்படி இருப்பதால் புதிதாகச் செய்கிற பெண்களுக்கு வசதி. புடைவை கட்டிப் பழகியவர்கள் தம் ரவிக்கைத் துணியையே மடித்துக் கட்டிவிடுவார்கள்.

எனக்கு மிகுந்த மனக்குறை நோன்புச் சரட்டில்தான். இந்த நோன்பின் உயிர் அந்தச் சரட்டில் இருக்கிறது என்று நினைக்கிறவள் நான். ஒன்பது இழை நூலில் மஞ்சள் பூசி, ஒன்பது முடிச்சுகள் போட்டு, நடுவில் ஒரு பூவை வைத்துக் கட்டுவார்கள். பூஜையில் சரட்டுக்கென்று தனி அர்ச்சனை உண்டு. ‘கமலாயை நம:’ என்று தொடங்கி, ரமா, லோகமாதா, விச்வஜனனி, மகாலட்சுமி, க்ஷீராப்திதனயா, விச்வசாட்சிணி, சந்திரசோதரி என்று வந்து ‘ஹரிவல்லபாயை நம:’ என்று முடியும் ஒன்பது நாமங்களுக்கும் முடிச்சுக்கு ஒன்றாக அட்சதையும் பூவும் சேர்க்க வேண்டும். பெட்டியில் வந்த சரடுகளில் ஒன்பது முடிச்சுகள் இருக்கின்றன. ஆனால் அவை ஓர் அங்குல நீளத்துக்குள் ஒன்றன் மேல் ஒன்றாக நெருங்கிக் கிடக்கின்றன. எந்த முடிச்சில் விரல் இருக்கிறது என்று தெரியவில்லை. மூன்றாம் நாமத்துக்கு மேல் குத்துமதிப்பாகத்தான் பூவைப் போட முடிந்தது. நூலும் பருத்தி அன்று, வழுக்குகிற செயற்கை இழை; மஞ்சளுக்குப் பதில் சாயம் தோய்த்திருக்கிறார்கள். நடுவில் இருப்பது பசையில் ஒட்டிய துணிப் பூ. ‘பத்நாமி தக்ஷிணே ஹஸ்தே நவஸூத்ரம் சுபப்ரதம்’ என்று சொல்லி வலக்கையில் கட்டிக்கொள்கிற சரடு அது. சில நாள்களாவது கையில் இருக்க வேண்டும். மகளின் கையில் கட்டிய சரடு அன்று மாலையே அவிழ்ந்து நழுவியது.

நல்ல வேளையாகச் சம்பந்தி அம்மாள் தன் வழக்கப்படி பருத்தி நூலில் சரடுகள் முடிந்து எடுத்து வந்திருந்தார்கள். மஞ்சள் நூலைக் கால் கட்டை விரலில் மாட்டி முறுக்கி, முடிச்சுக்கு முடிச்சு ஒரு விரல் இடைவெளி விட்டு அவர்கள் முடிகிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரு சரடு முடிய ஐந்து நிமிடம்கூட ஆகாது. பெட்டி விற்கிறவர்கள் சரட்டைத் தயாரித்துத் தராமல், மஞ்சளில் நனைத்து உலர்த்திய பருத்தி நூல்கண்டு ஒன்றையும் முடிக்கும் முறையைப் படமாக அச்சிட்ட தாள் ஒன்றையும் வைத்தாலே போதும். செலவும் குறையும், தலை நோன்பு செய்கிற பெண்ணும் ஒரு காரியத்தைக் கற்றுக்கொள்வாள்.

இதற்கு நேர்மாறாக, புத்தகத்தில் மிகுந்த அக்கறை தெரிகிறது. எழுத்துகள் பெரியவை, சுலோகங்களின் நீண்ட தொடர்களைப் பிரித்து அச்சிட்டிருப்பதால் வடமொழிப் பழக்கம் இல்லாதவர்களும் தடுமாறாமல் படிக்கலாம். மஞ்சள் பிள்ளையார் பூஜையில் தொடங்கி, சங்கல்பம், கலச பூஜை, ஆவாகனம், அங்க பூஜை, நூற்றெட்டு நாம அர்ச்சனை, சரட்டுப் பூஜை, ஆரத்தி வரை வரிசை சரியாக இருக்கிறது. மறுநாள் செய்யும் புனர் பூஜையும் விட்டுப்போகவில்லை. பூஜை செய்யும் நாளைச் சொல்லி உறுதி எடுக்கும் சங்கல்பத்தை மட்டும் தனித்தாளில் அச்சிட்டு, விசுவாவசு ஆண்டு, தட்சிணாயனம், கடக மாதம் (ஆடி), வளர்பிறைச் சதுர்த்தசி என்று அவ்வாண்டுக்கு உரியதாகத் திருத்தி வைத்திருக்கிறார்கள். அன்று பிற்பகலில்தான் பௌர்ணமி திதி பிறந்தது என்பதைக் கவனித்து, காலையில் பூஜை செய்கிறவர்களுக்குச் சதுர்த்தசி என்று குறித்திருப்பது பஞ்சாங்கம் அறிந்தவர் ஒருவரைக் கலந்து செய்த வேலை என்பதைக் காட்டுகிறது. பார்வதிக்குச் சிவபெருமான் சொன்னதாக வரும் கதையும், மகத நாட்டுக் குண்டினபுரத்துச் சாருமதியின் கனவில் அம்மன் தோன்றி நோன்பு நோற்கச் சொல்வதும், ஊர்ப் பெண்கள் எல்லாரும் அவளோடு சேர்ந்து செய்வதும், சுருக்கமான நல்ல தமிழில் எழுதப்பட்டுள்ளன. தனக்குக் கிடைத்த வரத்தைச் சாருமதி அண்டை வீட்டாரிடம் மறைக்காமல் பகிர்ந்துகொண்டாள் என்கிற இடத்தைப் படித்தபோது, கூடியிருந்த பெண்களில் இரண்டு மூன்று பேருக்குக் கண் கலங்கியது.

புத்தகத்திலும் ஒரு குறை உண்டு. வியாழன் மாலை அழைப்பு, அரிசிக் கலசம் என்ற ஒரே முறையை ‘இவ்வாறுதான் செய்ய வேண்டும்’ என்று கட்டளையாக எழுதிவிட்டார்கள். அனுபவமில்லாத பெண் அதைப் படித்துவிட்டுத் தன் மாமியார் வீட்டு வழக்கம் தவறோ என்று மயங்குவாள். ‘அவரவர் வீட்டு வழக்கப்படி’ என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்துபோகிற விஷயம் இது.

பின்னட்டையிலுள்ள க்யூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் காட்டினால் பூஜை முழுவதும் ஒலிப்பதிவாகக் கேட்கிறது. உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறது. ஆனால் நூற்றெட்டு நாமங்களையும் ஓதுகிற வேகத்துக்குக் குங்குமம் எடுத்துப் போடுகிற கை ஈடுகொடுக்க முடியவில்லை. நடுநடுவே நிறுத்தி நிறுத்தி ஓடவிட வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு ராகு காலம் தொடங்குவதால் அதற்குள் சரடு கட்டிக்கொள்ள நினைப்பவர்கள், ஒலிப்பதிவை நம்பாமல் யாரேனும் ஒருவரை நாமங்களைப் படிக்கச் சொல்வது நல்லது. பூஜை முடியும் வரை ஒன்றும் சாப்பிடாமல் இருக்கிற வயதான பெண்களுக்கும் அது உதவி.

கொழுக்கட்டை மாவு தரமானது. கொதிக்கிற தண்ணீரில் உப்பும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் விட்டுக் கிளறினால் கட்டி தட்டாமல் திரண்டு வருகிறது, பூரணம் வைக்கும் சொப்பு விண்டுபோகவில்லை. வெல்லப் பூரணத்துக்கும் உளுத்தம் பூரணத்துக்கும் சேர்த்து ஒரு பாக்கெட் போதவில்லை.

தாம்பூலப் பைகளில் மஞ்சள் கிழங்கு, குங்குமம், சின்னச் சீப்பு, கண்ணாடி, வளையல், ரவிக்கைத் துணி ஆகியவை உள்ளன. வெற்றிலை பாக்கும் தேங்காயும் நாம் சேர்க்க வேண்டும். துணி அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். நல்ல பருத்திதான், ஆனால் பெரும்பாலானோருக்கு ரவிக்கை தைக்கக் காணாது. நம் வீட்டுக்கு வருகிற சுமங்கலியை லட்சுமியாகவே நினைத்துத் தாம்பூலம் கொடுக்கிறோம். அவர் தைத்து உடுத்திக்கொள்ளக் கூடிய துணியாக அது இருக்க வேண்டும். கைமாறிக் கைமாறிப் போகிற துணியாக இருக்கக் கூடாது. பையின் முன்பக்கம் முழுவதும் நிறுவனத்தின் பெயரை அச்சிட்டிருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. கோலமோ தாமரையோ போட்டு, பெயரை அடியில் சிறிதாக வைத்திருக்கலாம்.

மாவிலை, தாழம்பூ, தாமரை, வாழைக்கன்று போன்ற பச்சைப் பொருள்கள் எதையும் அவர்கள் அனுப்புவதில்லை. அது சரியான முடிவு. வாடி வதங்கி வருகிற தாழம்பூவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்தந்த ஊர்ச் சந்தையிலேயே வாங்கிக்கொள்ளலாம். பெட்டி சொன்ன நாளுக்கு முன்பே வந்து சேர்ந்தது. சொம்பையும் முகத்தையும் தனித்தனியே துணியில் சுற்றியிருந்ததால் கீறல் எதுவும் இல்லை. நோன்பு பௌர்ணமிக்கு முந்தைய வெள்ளிக்கிழமையில் வருவதால் 2023இல் ஆகஸ்ட் 25, 2024இல் ஆகஸ்ட் 16, 2025இல் ஆகஸ்ட் 8 என்று தேதி நகர்ந்துகொண்டே இருக்கிறது. போன ஆண்டு நினைவில் தேதியைக் கணக்கிடாமல், பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொண்டு பதிவு செய்ய வேண்டும்.

பராமரிப்பு பற்றி ஒரு குறிப்பும் பெட்டியில் இல்லை. ஈரக் குங்குமத்தை அம்மன் நெற்றியில் அப்படியே விட்டால் கறை பிடிக்கும். புனர் பூஜை முடிந்து கலசத்தை அரிசிப் பானையில் வைத்து எடுத்த பிறகு, முகத்தை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, விபூதி போட்டு மெல்லத் தேய்த்து வைத்தால் பளபளப்பு மங்காது. புளி போட்டுத் துலக்குவதைப் பித்தளைச் சொம்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பதித்த கல்லும் தீட்டிய கண்ணும் உள்ள முகத்துக்கு அது ஆகாது.

சரட்டைப் பற்றியும் ரவிக்கைத் துணியைப் பற்றியும் அந்த நிறுவனத்துக்கு விரிவாக எழுதினேன். அடுத்த முறை பருத்தி நூலையே பயன்படுத்துவதாகவும், முடிச்சுகளுக்கு இடைவெளி விடச் சொல்வதாகவும் மரியாதையாகப் பதில் வந்தது. முதன்முறையாக நோன்பு எடுக்கிற பெண்ணுக்கு முகமும் சொம்பும் புத்தகமும் சேர்ந்து இந்த விலைக்குக் கிடைப்பது நியாயமே என்பதால், சரட்டை வீட்டில் முடிந்துகொள்ளத் தயாராக இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். முகமும் சொம்பும் ஏற்கெனவே இருக்கிறவர்களுக்கு 650 ரூபாயில் சிறிய பெட்டி ஒன்றும் வைத்திருக்கிறார்கள். அதில் புத்தகம், பூஜைச் சாமான்கள், ஐந்து தாம்பூலப் பைகள் ஆகியவற்றோடு அந்தந்த ஆண்டுக்குரிய சங்கல்பத் தாளும் வருகிறது. மகளுக்கு அடுத்த ஆண்டு அதையே சொல்லி வைத்திருக்கிறேன்.