எந்தக் கமிட்டி எதைப் பிடுங்கும்? அறிவியல் எழுத்தாளர் சங்கத்தில் சேருமுன் ஓர் அலசல்

அறிவியல் எழுத்தாளர் சங்கம் ஒன்றில் இரண்டு வருடம் ஒழுங்காகச் சந்தா கட்டினால் போதும், ஒருநாள் அந்த மின்னஞ்சல் வந்துவிடும். "எங்கள் குழுக்களில் ஒன்றில் நீங்களும் சேரலாமே, மாதத்துக்கு இரண்டு மணி நேரம்தான் ஆகும்." அந்த இரண்டு மணி நேரக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். எழுதியவர் பொய் சொல்லவில்லை. பதினொரு மாதம் ஒன்றும் இருக்காது, பன்னிரண்டாவது மாதம் தலைக்கு மேல் வெள்ளம் போகும். சராசரி பார்த்தால் இரண்டு மணி நேரம்தான்.

போன மாதம் ஓர் இளம் எழுத்தாளர் அப்படி வந்த கடிதத்தை எனக்கு அனுப்பி, "அக்கா, இதில் எதற்குப் பெயர் கொடுக்கட்டும்?" என்று கேட்டாள். எட்டுக் குழுக்களின் பட்டியல் இருந்தது. அமெரிக்காவில் 1934-இல் ஒரு டஜன் நிருபர்கள் சேர்ந்து தொடங்கிய தேசிய அறிவியல் எழுத்தாளர் சங்கமோ, 1947-இல் தொடங்கிய பிரிட்டிஷ் சங்கமோ, 1985-இல் பிறந்த இந்திய அறிவியல் எழுத்தாளர் சங்கமோ, எதுவானாலும் பெரும்பாலான வேலை உறுப்பினர்கள் சும்மா செய்து கொடுப்பதுதான். குழுக்களின் பெயர்கள் இடத்துக்கு இடம் மாறும், வேலை கிட்டத்தட்ட ஒன்றே.

பொதுவாக எல்லாரும் கேட்பது, "எதில் சேர்ந்தால் என்ன கிடைக்கும்?" என்று. நான் இரண்டு குழுக்களில் இருந்திருக்கிறேன், மற்றவற்றைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். என் அனுபவத்தில் கிடைப்பது எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: நாலு பேர் பழக்கமாவார்கள், தன்விவரக் குறிப்பில் ஒரு வரி கூடும். பறிபோவது மட்டும் குழுவுக்குக் குழு வேறு. அதை வைத்துத்தான் அவளுக்குப் பதில் எழுதினேன்.

முதலில் எல்லாரும் ஆசைப்படும் இரண்டு: விருதுக் குழுவும் மாநாட்டு நிகழ்ச்சிக் குழுவும்.

விருதுக் குழுவில் வேலை என்றால் படிப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிரிவுக்கு 40 கட்டுரைகள், ஒவ்வொன்றும் 4,000 சொற்கள் என்றால் மொத்தம் 1,60,000 சொற்கள். நிமிடத்துக்கு 200 சொல் வேகத்தில் 13 மணி நேரத்துக்கு மேல், அதுவும் ஒரே ஒரு வாசிப்புக்கு. இறுதிச் சுற்றுக்கு வந்தவற்றை மறுபடி படிக்க வேண்டும், சக நடுவர்களோடு வாதாட வேண்டும். ஆனால் எழுத்தைப் பற்றி இவ்வளவு குறைந்த நேரத்தில் இவ்வளவு கற்றுக்கொடுக்கும் இடம் வேறு கிடையாது. நல்ல கட்டுரையிலிருந்து கற்பது ஒரு பங்கு என்றால், கிட்டத்தட்ட நல்லதாக இருந்து மூன்றாம் பத்தியில் சரிந்த கட்டுரையிலிருந்து கற்பது மூன்று பங்கு. முப்பது தொடக்கங்களை வரிசையாகப் படித்தபின், ஆய்வுக்கூடத்தில் ஒரு விஞ்ஞானி நுண்ணோக்கியில் குனிவதாகத் தொடங்கும் கட்டுரையை நீங்கள் ஜென்மத்துக்கும் எழுத மாட்டீர்கள்.

ஒரு சின்ன யோசனை: எல்லா நடுவர்களும் ஒரே வரிசையில் படிக்கக் கூடாது. 38-ஆவது கட்டுரைக்கு வரும்போது யாருக்கும் கண் சொருகும். வரிசையை ஆளுக்கு ஒன்றாகக் கலைத்துக் கொடுத்தால் அந்தச் சோர்வு ஒரே கட்டுரையின் தலையில் விழாது.

இங்கே பறிபோவது, அந்த ஆண்டு நீங்களே போட்டியிடும் உரிமை. இது நியாயம், ஆனால் வலிக்கும். வாழ்நாளில் ஒரு முறை எழுதக்கூடிய கட்டுரையை எழுதிய வருடத்தில் நடுவராக உட்கார்ந்திருந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். இன்னொன்று, பணம் யார் தருகிறார்கள் என்ற கேள்வி. அமெரிக்கச் சங்கம் 1972 முதல் வழங்கும் 'சமூகத்தில் அறிவியல்' விருதுகளைத் தொழில், வணிக அமைப்புகளின் உதவித்தொகை இல்லாமல் நடத்துவதாகவே சொல்லிக்கொள்கிறது. அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம் 1945-இல் தொடங்கிய இதழியல் விருதுகளுக்கோ ஆரம்பத்திலிருந்தே புரவலர்கள் உண்டு, இப்போது காவ்லி அறக்கட்டளை. இரண்டும் மதிப்பான விருதுகளே. ஆனால் சங்கத்தின் கஜானா காலியாகும் வருடத்தில், "ஒரு மருந்து நிறுவனம் தர முன்வந்திருக்கிறது, வாங்கலாமா?" என்ற கேள்வி முதலில் வந்து விழுவது விருதுக் குழுவின் மேஜையில்தான்.

நிகழ்ச்சிக் குழு இதற்கு நேர் எதிர். இங்கே படிப்பு குறைவு, பேச்சு அதிகம். மாநாடு அக்டோபரில் என்றால் அமர்வுகளுக்கான யோசனைகளைக் குளிர்காலத்திலேயே கேட்டு, வசந்தத்துக்குள் தேர்ந்தெடுத்து, கோடை முழுக்கப் பேச்சாளர்களைத் துரத்த வேண்டும். வந்த யோசனைகளில் முக்கால்வாசிக்கு மறுப்புக் கடிதம் எழுத வேண்டியிருக்கும், அதுவும் உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கே. கடைசி நிமிடம் எது வேண்டுமானாலும் நடக்கும். 2011-இல் உலக அறிவியல் இதழியலாளர் மாநாடு கெய்ரோவில் நடப்பதாக இருந்தது. அந்த ஜனவரியில் எகிப்தில் புரட்சி வெடிக்க, மாநாடு தோஹாவுக்கு மாறியது. 2020-இல் அமெரிக்கச் சங்கத்தின் ஆண்டு மாநாடு அப்படியே இணையத்துக்குப் போனது. ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு குழு உட்கார்ந்து மொத்த அட்டவணையையும் மறுபடி போட்டிருக்கும்.

இந்தக் குழுவிடம் நீங்கள் இழப்பது மாநாட்டையே. மற்றவர்கள் உரைகளைக் கேட்டுக்கொண்டு, காப்பி குடித்துக்கொண்டு, பத்திரிகை ஆசிரியர்களிடம் கட்டுரை யோசனை சொல்லிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் ஒலிவாங்கி வேலை செய்யாத அறைக்கு ஓடிக்கொண்டிருப்பீர்கள். ஆனாலும் தொழிலுக்குப் புதியவர், ஆட்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் இதுதான் குறுக்குவழி. ஒரு வருடத்தில் அறுபது பேருக்கு உங்கள் பெயர் பழகிவிடும். இரண்டாம் வருடமும் இருங்கள் என்று கேட்பார்கள். வேண்டாம்.

யாரும் ஆசைப்படாத உறுப்பினர் சேர்க்கைக் குழுவுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்தது இது. விண்ணப்பங்களைப் பார்த்து, இணைத்திருக்கும் படைப்புகளைச் சரிபார்த்து, ஆம் இல்லை என்று குறிக்கும் குமாஸ்தா வேலை போலத்தான் வெளியே தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால், 'அறிவியல் எழுத்தாளர் என்பவர் யார்?' என்ற கேள்விக்கு ஒவ்வொரு மாதமும் தீர்ப்பெழுதும் இடம்.

அமெரிக்கச் சங்கம் தொடங்கிய 1934-இல் அந்தக் கேள்வி எளிதாக இருந்தது. செய்தித்தாளில் அறிவியல் எழுதினால் நீங்கள் உள்ளே. அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் தில்லியில் பிறந்த கோபிந்த் பெஹாரி லால், பின்னாளில் அதன் தலைவராகவும் இருந்தார். 1937-இல் அமெரிக்க இதழியல் விருதான புலிட்சர் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஐந்து அறிவியல் நிருபர்களில் அவரும் ஒருவர். ஐவருமே நாளிதழ், செய்தி நிறுவன ஆட்கள். இன்று அந்த மாதிரி நிருபர் வேலை அரிதாகிவிட்டது. விண்ணப்பிப்பவர் ஒரு பல்கலைக்கழகத்தின் செய்தித் தொடர்பு அலுவலராக இருப்பார், அல்லது அருங்காட்சியகத்தில் பலகைகளுக்கு வாசகம் எழுதுவார், அல்லது யூடியூபில் இயற்பியல் சொல்வார். மருந்து நிறுவனத்துக்கு எழுதிக்கொண்டே பத்திரிகைக்கும் எழுதுபவரை எந்தப் பெட்டியில் போடுவது? விஞ்ஞானி ஒருவருக்காக மறைவில் இருந்து நூல் எழுதியவர், தன் பெயர் இல்லாத புத்தகத்தை எப்படிச் சான்றாகக் காட்டுவார்? கட்டுரையில் பாதியைச் செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதியிருந்தால்?

நிருபர்களும் செய்தித் தொடர்பு அலுவலர்களும் ஒரே சங்கத்தில் இருப்பது பழைய புண். ஒரு தரப்பு கேள்வி கேட்டுப் பிழைப்பது, இன்னொரு தரப்பு தன் நிறுவனத்தின் நல்ல பெயரைக் காத்துப் பிழைப்பது. ஆனால் வேலை போன நிருபர் அடுத்த மாதமே ஓர் ஆய்வு நிறுவனத்தின் செய்திப் பிரிவில் உட்காருகிறார், மூன்று வருடம் கழித்து ஃப்ரீலான்ஸ் நிருபராகத் திரும்புகிறார். கோடு எங்கே என்பதைப் பொதுக்குழுவில் எவ்வளவு வேண்டுமானாலும் விவாதிக்கலாம், நடைமுறையில் அதைப் போடுவது ஒரு விண்ணப்பத்தை முன்னால் வைத்துக்கொண்டிருக்கும் நான்கு பேர்.

இங்கே பறிபோவது நிம்மதி. நான் இருந்த காலத்தில் ஒருவரை நிராகரித்தோம். அனுப்பிய ஐந்து படைப்புகளில் மூன்று, நிறுவனத்தின் செய்திக்குறிப்பை வார்த்தை மாறாமல் தன் பெயரில் வெளியிட்டவை. அவர் என்னோடு ஒரு காலத்தில் வேலை பார்த்தவர். அப்புறம் இரண்டு வருடம் எங்கே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முடிவு குழுவுடையது என்று சொல்லி நழுவலாம். ஆனால் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஃப்ரீலான்ஸ் குழுவையும் குறைதீர்ப்புக் குழுவையும் சேர்த்தே பார்க்கலாம், இரண்டுமே பணம் வராத கதைகள் வந்து சேரும் இடங்கள். ஃப்ரீலான்ஸ் குழுவில் சேரும் ஒவ்வொருவரும் முதல் கூட்டத்திலேயே, "சொல்லுக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சக் கட்டணம் நிர்ணயித்துவிட்டால் என்ன?" என்று கேட்பார்கள். நானும் கேட்டிருப்பேன். அமெரிக்காவில் அது ஆபத்து. தனித்தனியாகத் தொழில் செய்பவர்கள் கூடி விலை பேசி வைத்துக்கொள்வதாகப் போட்டிச் சட்டம் அதை எடுத்துக்கொள்ளக்கூடும். பிரிட்டனில் தேசியப் பத்திரிகையாளர் சங்கம் கட்டண வழிகாட்டியே வெளியிடுகிறது, அது ஒரு தொழிற்சங்கம். சங்கமும் தொழிற்சங்கமும் ஒன்றல்ல என்பது புரிவதற்கே பலருக்கு ஒரு வருடம் ஆகிறது. செய்ய முடிவது, யார் எவ்வளவு கொடுத்தார்கள், எத்தனை நாளில் கொடுத்தார்கள் என்று உறுப்பினர்கள் தாங்களாகப் பதியும் தரவுத்தளம் வைப்பது, ஒப்பந்தத்தில் எந்த வரியில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது. சின்ன விஷயம் போலத் தெரியும். எல்லா உரிமைகளையும் நிரந்தரமாக எழுதி வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவரைக் கேளுங்கள்.

குறைதீர்ப்புக் குழுவில் அதே பிரச்சினை, ஆனால் ஒவ்வொன்றாக, முகத்தோடு வரும். பதிப்பாளருக்குச் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் போனதும் பல நிலுவைகள் வந்துவிடும், அதுதான் அந்தக் குழுவின் மொத்த ஆயுதம். நீங்கள் இழப்பது கதையைச் சொல்லும் உரிமை. நாமெல்லாம் எழுதுபவர்கள், இல்லையா? நல்ல கதை கையில் இருந்தும் கல்லறை வரை சொல்லக் கூடாது என்றால் சிலருக்குத் தாங்காது. வாய் நிற்காதவர்கள் ஃப்ரீலான்ஸ் குழுவுக்குப் போங்கள்.

உறுப்பினர்களுக்கு உதவிப்பணம் கொடுக்கும் நல்கைக் குழு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒரு சுவையான தகவலைத் தவிர. அமெரிக்கச் சங்கம் உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் நல்கைகளுக்கான பணத்தில் கணிசமான பங்கு, வெளிநாடுகளில் நூல்களையும் கட்டுரைகளையும் ஒளிநகல் எடுப்பதற்காக வசூலாகும் உரிமத்தொகை. எந்த நூல் என்று அடையாளம் பிரிக்க முடியாத தொகை எழுத்தாளர் அமைப்புகளின் கூட்டணி வழியாக வந்து சேர்கிறது. எழுத்தாளர்களுக்குப் பயன்படும் காரியங்களுக்கே செலவிட வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. விண்ணப்பங்களைப் படிப்பதைவிட அந்த நிபந்தனைக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பதில்தான் நேரம் போகும். குழுவில் இருக்கும் வரை நீங்கள் நல்கை கேட்க முடியாது.

வழிகாட்டுதல் குழுவில் இரண்டு வகை வேலை. ஒன்று, மாநாட்டில் ஒரு நாள் மட்டும் மாணவரையும் மூத்தவரையும் இணைத்துவிடுவது. இன்னொன்று, மாதக்கணக்கில் தொடரும் இணை. உலக அறிவியல் இதழியலாளர் கூட்டமைப்பு 2006 முதல் ஆப்பிரிக்க, அரபு நாட்டு நிருபர்களுக்கு நடத்திய திட்டம் இரண்டாம் வகை. முதல் வகை எளிது, புகைப்படத்துக்கும் நல்லது. பலன் என்று பார்த்தால் இரண்டாவதுதான், ஆனால் மூன்றாவது மாதத்தில் பாதி இணைகள் பேச்சை நிறுத்திவிடும். அவர்களுக்கு நினைவூட்டல் கடிதம் எழுதுவதுதான் குழுவின் உண்மையான வேலை. குழுவில் சேராமல் நேரடியாக வழிகாட்டியாகவே இருந்துவிடுங்கள் என்பேன்.

நிதிக் குழு: வரவு செலவுக் கணக்கைப் பார்த்ததும் கண் சொருகாதவர்களுக்கு மட்டும்.

எதைத் தேர்ந்தாலும், சரி என்று சொல்லுமுன் போன வருடம் அதில் இருந்த ஒருவரைப் பிடித்து மூன்று கேள்விகள் கேளுங்கள். வேலை குவியும் மாதம் எது? பதவிக்காலம் எழுத்தில் இருக்கிறதா, இல்லை, ஆள் கிடைக்கும் வரை நீங்களேதானா? சொன்ன நேரத்தில் வேலை செய்யாத உறுப்பினரை என்ன செய்கிறார்கள்? மூன்றாவதற்கு அவர் சிரித்தால் பாதி வேலை உங்கள் தலையில்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

என்னிடம் கேட்ட இளையவளுக்கு முதல் புத்தகம் அடுத்த ஆண்டு வருகிறது, ஆகவே விருதுக் குழு வேண்டாம் என்றேன். மாநாட்டுக்கு இதுவரை ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறாள், அதையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நிகழ்ச்சிக் குழுவையும் தள்ளினேன். உறுப்பினர் சேர்க்கைக்குப் பெயர் கொடுத்தாள். முதல் கட்டு விண்ணப்பங்கள் வந்த அன்றே ஃபோன் செய்தாள்.

"அக்கா, இதில் ஒருத்தர் என் பழைய பத்திரிகை ஆசிரியர். என் முதல் கட்டுரையைப் போட்டவரே அவர்தான். அவரை நான் பார்க்கக் கூடாது, இல்லையா?"

"பார்க்கக் கூடாது. கோப்பைத் திறக்காமல் இப்போதே தலைவருக்கு எழுதிவிடு."

"திறந்துட்டேனே, அக்கா."

"அப்படியென்றால் அதையும் சேர்த்து எழுது."