நிட்டிங் கற்றுக்கொள்ள எது நல்லது: வீடியோவா, பெரியம்மாவா, காகிதமா?

ஏற்காட்டில் மார்கழி வந்துவிட்டால் சாயங்காலத்துக்கு மேல் வெளியே வேலை இல்லை, பனி வாசல் வரை வந்து நிற்கும். அப்படி ஒரு மார்கழியில்தான் நிட்டிங் ஊசியைக் கையில் எடுத்தேன். மூன்று வருடத்தில் மஃப்ளர், தொப்பி, குழந்தை ஸ்வெட்டர் எல்லாம் தாண்டி சாக்ஸ் வரைக்கும் வந்தாகிவிட்டது. மூன்று வழியிலும் கற்றுப் பார்த்ததால், எது எதற்கு உதவும் என்று அடித்துச் சொல்வேன்.

முதலில் வீடியோ. கை எப்படி அசைய வேண்டும் என்பதை இதைப்போல வேறு எதுவும் காட்டாது. நிட்டிங்கில் அடிப்படையே இரண்டுதான்: நிட், பர்ல். நூல் ஊசிக்குப் பின்னால் இருந்தால் நிட், முன்னால் இருந்தால் பர்ல். இதை எழுத்தில் படித்தால் தலை சுற்றும். வேகத்தைப் பாதியாகக் குறைத்து நாலு முறை பார்த்தால் ஐந்தாவது முறை கை தானாகச் செய்யும்.

ஆனால் ஊசி வாங்கும் விஷயத்தில் வீடியோவை நம்பி ஏமாந்தேன். அமெரிக்காக்காரர் ஒருவர் தொப்பிக்கு 8-ஆம் நம்பர் ஊசி என்றார். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் 8-ஆம் நம்பரே கேட்டு வாங்கி வந்தேன். பின்னி முடித்தால் தொப்பி தலையில் ஏறவே இல்லை. அவர்கள் கணக்கில் 8 என்றால் 5 மி.மீ. எனக்குக் கிடைத்தது பழைய பிரிட்டிஷ் நம்பர். அதில் 8 என்பது 4 மி.மீ. அமெரிக்கக் கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி தடிக்கும், பிரிட்டிஷ் கணக்கில் மெலியும். கடையில் மி.மீ. கேட்டே வாங்குங்கள்.

அடுத்தது பக்கத்து வீட்டுப் பெரியம்மா. வீடியோவால் நம் கையைப் பார்க்க முடியாது, பெரியம்மாவால் முடியும். என் பின்னல் ஏனோ விறைப்பாகவே வந்துகொண்டிருந்தது. வாங்கி ஒரு பார்வை பார்த்தார். "பர்ல் போடும்போது நூலைக் கீழிருந்து சுத்தறே கண்ணு, மேலிருந்து சுத்து" என்றார். ஒரு மாதமாக என் கண்ணிகள், அதாவது ஊசியில் விழும் நூல் வளையங்கள், முறுக்கிக்கொண்டு குறுக்காக உட்கார்ந்திருந்ததற்கு அது ஒன்றுதான் காரணம். தப்பைக் கண்டுபிடிப்பதில் ஆளுக்கு ஈடு ஆள்தான். ஒரே குறை, சிக்கல் வந்தால் பாசத்தில் ஊசியை வாங்கி அவரே சரிசெய்து கொடுத்துவிடுவார். அப்புறம் அது என் கைக்கு எப்படி வரும்? தவிர, அவர் சாக்ஸ் பின்னியதில்லை.

சாக்ஸுக்குக் காகிதம்தான் கைகொடுத்தது. பேட்டர்ன் என்று சொல்கிற, வரிசை வரிசையாக எழுதிய குறிப்பு. என் மனசு சாய்வது இந்தப் பக்கம்தான்.

குதிகால் திருப்புகிற இடத்தைச் சொல்கிறேன். ஊசியில் 30 கண்ணி. 17 பின்னு, இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கு, இன்னும் ஒன்று பின்னு, திருப்பு. மிச்சம் 10 கண்ணி பின்னாமல் அப்படியே நிற்கும். மறுபக்கம் முதல் கண்ணியைச் சும்மா நகர்த்து, 5 பர்ல், இரண்டைச் சேர், ஒன்று பர்ல், திருப்பு. படித்தால் ஒன்றுமே விளங்காது. வரிசையைப் பாதியில் விட்டுத் திரும்பினால் துணி என்னத்துக்கு ஆகும்? வீடியோவில் இதையே கூடவே எண்ணி எண்ணிப் பின்னி இரண்டு முறை தவறவிட்டேன், இரண்டு முறையும் பிரித்தேன்.

மூன்றாம் முறை மழை, கரண்ட் இல்லை. எமர்ஜென்சி விளக்கில் காகிதத்தை வைத்துக்கொண்டு மெதுவாகப் பின்னினேன். நாலாவது வரிசையில் கண்ணில் பட்டது: எங்கே திரும்பினேனோ அங்கே இரண்டு கண்ணிகளுக்கு நடுவே சின்னதாக ஓர் இடைவெளி. சேர்க்க வேண்டியது அந்த இடைவெளிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அவ்வளவுதான்! எண்ணவே வேண்டாம், துணியே சொல்கிறது. 30 கண்ணி 18 ஆனபோது உள்ளங்கையில் கிண்ணம்போல ஒரு குதிகால் உட்கார்ந்திருந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு அதைப் பிடித்துக்கொண்டு வீட்டில் எல்லோரையும் எழுப்பினேன்.

வீடியோவைப் பார்த்தே பின்னியிருந்தால் குதிகால் வந்திருக்கும், அந்த இடைவெளியைப் பார்த்திருக்க மாட்டேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் துணியை எப்போது பார்ப்பது? காகிதம் பாதிதான் சொல்லும், மீதியை நாமே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தது மறப்பதில்லை. இரண்டாவது சாக்ஸுக்கு நான் காகிதத்தைக்கூட எடுக்கவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் இரண்டு வாரம் வீடியோ பாருங்கள். துணி ஏதாவது விநோதமாகத் தெரிந்தால் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள், ஊசியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மஃப்ளர் முடிந்ததும் காகிதத்துக்கு வந்துவிடுங்கள்.

இப்போது கட்டம் போட்ட நோட்டில் கேபிள் பின்னலுக்கு நானே படம் போடுகிறேன். சில கண்ணிகளைத் தனியாக ஒரு சின்ன ஊசியில் நிறுத்தி, இடம் மாற்றிப் பின்னினால் கயிறு முறுக்கியதுபோல வருமே, அதுதான் கேபிள். கேபிள் ஊசியைத் துணிக்கு முன்னால் விட்டால் பின்னல் இடப்பக்கம் சாயும், பின்னால் விட்டால் வலப்பக்கம். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால், எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தைச் சுற்றி ஏறும் மிளகுக்கொடி மாதிரி வருமா என்று பார்க்கிறேன். 16 வரிசை ஆகியிருக்கிறது, முதல் வளைவு திரும்பிவிட்டது.