சவுண்ட்பார், ரிசீவர், அசெம்பிள் செட்: கொங்கு வீட்டு ஹாலுக்கு எது?

ஹோம் தியேட்டர் வாங்கக் கிளம்புகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எத்தனை வாட்ஸ்ங்க?" என்றுதான். அதற்கு முன்னால் இன்னொரு கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி: பத்து வருஷம் கழித்து இதில் எது மிச்சமிருக்கும்?

மோசர் பேயர் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்ற காலம் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2006இல் ப்ளூரேயும் எச்டி டிவிடியும் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. 2008 பிப்ரவரியில் தோஷிபா பின்வாங்கியதும் எச்டி டிவிடி கதை முடிந்தது. 2016இல் 4கே ப்ளூரே வந்தது. அதற்கான பிளேயர் செய்வதை 2018இல் ஓப்போ நிறுத்தியது, 2019இல் சாம்சங் நிறுத்தியது. இப்போது பல வீடுகளில் டிஸ்க் போடும் பெட்டியே கிடையாது. ஆனால் நல்ல ஸ்பீக்கர் மட்டும் இத்தனையையும் தாண்டி வந்திருக்கிறது. காந்தம், காயில், கோன் என்ற அந்த அமைப்பை எந்த டிஸ்க்கும் பழசாக்கவில்லை. அதனால் காசைக் கொட்ட வேண்டிய இடம் ஸ்பீக்கரும் அது உட்காரும் அறையும்தான். மீதிப் பெட்டிகள் வரும், போகும்.

நம் பக்கம் இருப்பது மூன்று வழி. ஷோரூமில் வாங்கும் சவுண்ட்பார் ஒன்று, டிவிக்கு முன்னால் வைக்கும் நீளமான ஒரே குழல் ஸ்பீக்கர். டெனான், யமஹா, ஆன்கியோ போன்ற ரிசீவரோடு (ஒலியைப் பிரித்து, பெருக்கி, ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) ஸ்பீக்கர்களைத் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொன்று. மூன்றாவது, உள்ளூர் ஆடியோ மெக்கானிக் கையால் செய்துதரும் அசெம்பிள் செட். வெளிநாட்டு விமர்சனங்களில் இந்த மூன்றாவது இருக்கவே இருக்காது. ஆனால் ஈரோடு, திருப்பூர், கரூர் பக்கம் பாட்டுக் கேட்கிற வீடுகளில் பாதிக்குப் பாதி இதைப் பற்றி ஒரு பேச்சாவது ஓடியிருக்கும்.

சவுண்ட்பாரை மட்டம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டிவியோடு வரும் ஒலியைவிட எதுவும் மேல்தான். கோவை சரவணம்பட்டியில் வாடகை ஃபிளாட்டில் இருப்பவருக்குச் சுவரில் ஓட்டை போட முடியாது, வீடு மாறும்போது ஆறு பெட்டிகளைச் சுமக்கவும் முடியாது. அவருக்கு இது சரி. வாங்குவதாக இருந்தால் பின்னால் வைக்கத் தனி ஸ்பீக்கரும், பாஸுக்கென்றே இருக்கும் சப்வூஃபரும் சேர்ந்து வருகிற 5.1 (ஐந்து சேனல், ஒரு சப்வூஃபர்) செட்டாகப் பார்த்து வாங்கலாம். முன்னால் இருக்கும் ஒரே குழலிலிருந்து பின்பக்கச் சத்தத்தையும் வரவழைக்கிறோம் என்பதெல்லாம் சுவர்கள் ஒத்துழைத்தால்தான் நடக்கும்.

டால்பி அட்மாஸ் பாரில் மேல் நோக்கிய ஸ்பீக்கர் இருக்கும். கூரையில் ஒலியை மோதவைத்து, தலைக்கு மேலே கேட்பது போலக் காட்டுவது அதன் வேலை. அதற்குத் தட்டையான கூரை வேண்டும், உயரமும் 7.5 அடியிலிருந்து 12 அடிக்குள் இருப்பது நல்லது என்கிறது டால்பி. தட்டையான தளம் போட்ட தார்சு வீட்டில் பிரச்சினை இல்லை. ஆனால் கோபிசெட்டிபாளையம் பக்கத்துத் தோட்டத்து ஓட்டு வீட்டில் கூரை சரிந்து இறங்கும், ஒலி எங்கெங்கோ சிதறிப்போகும். நடுவில் முற்றம் வைத்த தொட்டிக்கட்டு வீட்டு ஆசாரத்தில் கேட்கவே வேண்டாம், ஒரு பக்கம் வானமே திறந்திருக்கிறது. அந்த வீடுகளுக்கு அட்மாஸ் பாருக்கென்று கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண்.

சவுண்ட்பாரில் என் உண்மையான மனக்குறை வேறு. ஒலியைப் பெருக்கும் ஆம்ப், டிஜிட்டல் ஒலியைச் சேனல் சேனலாகப் பிரிக்கும் டிகோடர், ஸ்பீக்கர் எல்லாம் ஒரே உடம்பு. போர்டு போனால் பெரும்பாலும் மொத்தமும் போன மாதிரிதான். நாளை டிவியில் புது இணைப்பு வந்து பழைய பார் அதற்கு ஒத்துவராவிட்டால், நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் ஸ்பீக்கரையும் சேர்த்துத் தூக்கிப்போட வேண்டியிருக்கும்.

இனி அசெம்பிள் செட். இதன் மேல் எனக்குப் பிரியம் அதிகம். காரணம், பழுதானால் நம்ம ஊரிலேயே சரிசெய்துவிடலாம். 5200, 1943 என்ற ஜோடி டிரான்சிஸ்டர் எரிந்தால் ஒரே சாயங்காலத்தில் மாற்றித் தந்துவிடுவார்கள். ஆனால் வாங்கும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். மூடியைக் கழற்றச் சொல்லி டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள். 24-0-24, 5 ஆம்ப்ஸ் என்று இருந்தால், 48 வோல்ட்டை 5 ஆல் பெருக்கினால் 240. ஆறு சேனலுக்கும் சேர்த்தே தொடர்ந்து தாங்கும் சக்தி அவ்வளவுதான், அதிலும் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். முகப்பில் 1000 வாட்ஸ் என்று ஸ்டிக்கர் இருந்தால் அது ஸ்டிக்கரின் சக்தி.

அடுத்தது, உள்ளே இருப்பது புரோலாஜிக் போர்டா, டிகோடர் போர்டா என்று கேளுங்கள். புரோலாஜிக் என்று சொல்லிப் போடும் போர்டு இரண்டு சேனல் ஒலியைப் பிரித்து ஆறாகப் பரப்புவது. பாட்டுக்கு அது ஒரு சுகம்தான். ஆனால் படத்தில் ஹெலிகாப்டர் இடமிருந்து பின்னால் சுற்றிப் போக வேண்டுமென்றால் ஆப்டிகல் (ஒளியால் ஒலியை அனுப்பும் ஒயர்) வழியாகவோ எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியிலிருந்து ஒலியைத் திருப்பி அனுப்பும் இணைப்பு) வழியாகவோ வரும் டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் ஒலியை நிஜமாகவே பிரிக்கும் டிகோடர் வேண்டும்.

செட் வீட்டுக்கு வந்ததும் ஒரு சோதனை. ஸ்பீக்கர் ஒயரை ஆம்பிலிருந்து கழற்றி, அதன் இரு முனைகளையும் ஒரு 1.5 வோல்ட் பேட்டரியில் லேசாகத் தொடுங்கள். சிவப்பு முனை பிளஸ்ஸில் பட்டால் பெரிய கோன் வெளிப்பக்கம் துள்ள வேண்டும். எல்லா ஸ்பீக்கரும் ஒரே பக்கம் துள்ளினால் சரி. ஒன்று மட்டும் உள்ளே போனால் அதன் ஒயர் எங்கோ மாறியிருக்கிறது. பாஸ் வரவில்லை என்று சப்வூஃபரைத் திட்டுகிற பல வீடுகளில் கோளாறு இந்த ஒயரில்தான் இருக்கும்.

ரிசீவர் வழி செலவு அதிகம் பிடிக்கும். அதில் நான் மதிப்பது, மைக் வைத்து அறையை அளந்து ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் அளவையும் அதுவே ஒழுங்குபண்ணிக்கொள்வதை. சின்ன ஸ்பீக்கர்களின் பாஸை 80 ஹெர்ட்ஸ் பக்கம் வெட்டி சப்வூஃபருக்கு அனுப்பிவிடும். இதனால் 4 அங்குல ஸ்பீக்கர்கூடத் திணறாமல் பாடும். அப்புறம், இன்று இரண்டு முன் ஸ்பீக்கரோடு ஆரம்பித்து, அடுத்த தீபாவளிக்கு சென்டர், அதற்கடுத்து பின்பக்கம் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். ரிசீவர் பழசானால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

சரி, டிஸ்க்குக்கு வருவோம். டிவிடியில் டால்பி ஒலி அதிகபட்சம் வினாடிக்கு 448 கிலோபிட். நெட்ஃப்ளிக்ஸ் 5.1 ஒலியை 640 வரையிலும் அட்மாஸை 768 வரையிலும் தருகிறது. ஆக, ஒலிக்காக டிவிடியைப் பிடித்துக்கொண்டிருக்க அவசியமில்லை, ஓடிடியே மேல். ப்ளூரே கதை வேறு. அதில் டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ என்று ஸ்டுடியோவில் பதிந்த ஒலி ஒரு துளியும் குறையாமல் வருகிறது. படமும் அப்படித்தான்: 4கே ஓடிடிக்கு 15 மெகாபிட் இணைப்பு போதும் என்று நெட்ஃப்ளிக்ஸ் சொல்கிறது. 100 ஜிபி 4கே டிஸ்க்கிலோ வேகம் 128 மெகாபிட் வரை போகலாம். மழை, புகை, இருட்டுக் காட்சிகளில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஆனால் நாம் பார்ப்பது பெரும்பாலும் தமிழ்ப் படம். 4கே டிஸ்க்கில் தமிழ்ப் படம் வருவது அரிதினும் அரிது. ப்ளூரேயில் ஐங்கரன் போன்றவர்கள் போட்ட பழைய பட்டியல் இருக்கிறது, அவ்வளவே. ஆகவே ஆங்கிலப் படங்களையும் இசை நிகழ்ச்சிகளையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறவராக இருந்தால் மட்டும் 4கே பிளேயர் வாங்குங்கள். அதே பிளேயர் ப்ளூரேயையும் டிவிடியையும் ஓட்டும் என்பதால் பழைய பெட்டியைத் தூக்கிப்போடலாம். அமெரிக்காவில் இருக்கும் மகளோ மாப்பிள்ளையோ டிஸ்க் வாங்கி வருவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ப்ளூரேயில் அமெரிக்கா A மண்டலம், நாம் C. பூட்டுப் போட்ட டிஸ்க் இங்கே வாங்கிய பிளேயரில் ஓடாது. 4கே டிஸ்க்குக்கு அந்த மண்டலப் பூட்டே கிடையாது, அதனால் அதையே கேட்டு வாங்கச் சொல்வது நல்லது.

டிஸ்க் விஷயத்தில் பலர் கவனிக்காத ஒரு நல்ல குணம் உண்டு. அது பழைய பெட்டியைக் கைவிடுவதில்லை. டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோவுக்குள் 1509 கிலோபிட் சாதாரண டிடிஎஸ் ஒரு கருவாக இருக்கும். ட்ரூஎச்டிக்குத் துணையாக 640 கிலோபிட் டால்பி டிஜிட்டலும் டிஸ்க்கிலேயே இருக்கும். ஆகவே இருபது வருஷத்துக்கு முந்தைய ரிசீவரோ நம் அசெம்பிள் டிகோடரோ, பிளேயரில் ஆப்டிகல் வெளியீடு இருந்தால் இன்றைய ப்ளூரேயிலிருந்தும் 5.1 எடுத்துவிடும், அதுவும் டிவிடியைவிட நல்லதாக. பழைய ரிசீவர் வழியாக 4கே படம் டிவிக்குப் போகவில்லை என்றால், இரண்டு எச்டிஎம்ஐ வெளியீடு உள்ள பிளேயராகப் பாருங்கள். ஒன்றை டிவிக்கும் மற்றதை ரிசீவருக்கும் கொடுத்தால் போதும், ரிசீவரை மாற்ற வேண்டாம்.

டிஸ்க் பிளேயரை டிவியில் செருகி அங்கிருந்து சவுண்ட்பாருக்கு ஒலியைக் கொண்டுபோகிறவர்கள் டிவியிலும் பாரிலும் ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி என்று போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெறும் ஏஆர்சி ஓடிடி அட்மாஸை அனுப்பும், ட்ரூஎச்டியை அனுப்பாது. டிடிஎஸ்ஸை உள்ளேயே விடாத டிவிகளும் உண்டு. பிளேயரை நேராக ரிசீவரில் செருகினால் இந்த வம்பே இல்லை.

இனி அறை. எந்தக் கடையிலும் விற்காத சாமான் இதுதான், ஆனால் பாதி ஒலி இதில் இருக்கிறது. "பேச்சு கேக்கவே மாட்டேங்குது, பாட்டு வந்தா அலறுது" என்று அமுச்சி (பாட்டி) சொன்னால் காதைக் குறை சொல்லாதீர்கள். டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவர், கண்ணாடி ஷோகேஸ் என்று எல்லாப் பக்கமும் ஒலி திரும்பி வந்து வசனத்தின் மேல் விழுகிறது. சோமனூர், பள்ளிபாளையம் பக்கம் பக்கத்துச் செட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தால் மெல்லிய வசனம் அதில் அமுங்கியே போகும்.

நல்லவேளை, மருந்தும் நம்ம பக்கமே விளைகிறது. கரூரில் கனமான திரைச்சீலைத் துணி எடுத்து, சன்னல் அகலத்துக்கு இரண்டு பங்கு துணியில் மடிப்பு வைத்துப் போடுங்கள். தரையில் பவானி ஜமுக்காளம் விரிக்கலாம். மெல்லிய விரிப்பு என்பதால் அது கூர்மையான எதிரொலியை மட்டுமே குறைக்கும், பாஸைத் தொடாது. சுவருக்குப் பொள்ளாச்சி தேங்காய்நார் மெத்தைப் பலகையை இரண்டு அங்குல கனத்தில், பின்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு, மேலே துணி போர்த்தி மாட்டலாம். ஸ்பீக்கர் ஒலி சுவரில் முதலில் படும் இடம் எது என்று கண்டுபிடிக்க, ஒருவர் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்த, நீங்கள் சோபாவில் உட்கார்ந்து பாருங்கள். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் பலகை.

பாஸ் கொழகொழவென்று இருந்தால் சப்வூஃபரின் இடத்தை மாற்றிப் பாருங்கள். 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி தானாகவே வீங்கும், எந்தக் கம்பெனி செட்டானாலும் இதே கதைதான். சப்வூஃபரை நீங்கள் உட்காரும் சோபாவில் தற்காலிகமாக வைத்து, பாஸ் உள்ள பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேளுங்கள். உறுமி அடி தனித்தனியாகத் தெளிவாக விழும் இடம் எதுவோ, சப்வூஃபரை அங்கே வையுங்கள்.

கரண்ட் பற்றியும் சொல்லியாக வேண்டும். சவுண்ட்பார்களில் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் எஸ்எம்பிஎஸ் என்ற மின் சப்ளை இருக்கும். ரிசீவரும் அசெம்பிள் செட்டும் பெரும்பாலும் கனத்த டிரான்ஸ்ஃபார்மரில் ஓடுபவை. மோட்டார் ஓடும்போது தாழ்ந்து, நின்றதும் ஏறுகிற தோட்டத்து லைனில் அவற்றுக்கு ஸ்டெபிலைசர் வேண்டும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் முனகும், சைன் வேவ் வாங்குங்கள். கோடை மழை இடிக்கத் தொடங்கும் முன்பே பிளக்கோடு கேபிள் ஒயரையும் பிடுங்கிவிடுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும்.

ஆக, வாடகை வீட்டுக்குப் பின் ஸ்பீக்கர் உள்ள சவுண்ட்பார். சொந்த வீடு, படம் பார்ப்பதே பிரதானம் என்றால் சாதாரண 5.1 ரிசீவர் எடுத்து, மிச்சப் பணத்தில் நல்ல முன் ஸ்பீக்கரும் சென்டரும். பாட்டுதான் உயிர், நம்பிக்கையான மெக்கானிக் பக்கத்தில் இருக்கிறார் என்றால் டிகோடர் போட்ட அசெம்பிள் செட்டுக்கே என் ஓட்டு.

எது வாங்கினாலும், பழைய டிவிடி பிளேயரைத் தூக்கிப்போடும் முன் அலமாரியில் இருக்கும் கல்யாண டிவிடியை எடுங்கள். கடையில் விற்ற படம் அச்சில் அழுத்திய டிஸ்க், நாள்பட நிற்கும். கல்யாண வீடியோ பெரும்பாலும் சாயத்தில் எரித்துப் பதிந்த டிவிடி-ஆர், அந்தச் சாயம் வருஷப்போக்கில் மங்கும். மங்கல வாழ்த்துப் பாடிய குரலும் சீர் செய்த அருமைக்காரரின் குரலும் அதில் மட்டும்தான் இருக்கும். கம்ப்யூட்டரில் போட்டு இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, ஒன்றைச் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள். இதைப் புது செட் வாங்குவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.